மாணவர் தாமே எழுதுக

செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு எப்சிபா தன் வீட்டுக்காரரை ஒரு எடுத்துக்காட்டு வாக்கியத்தில் எழுதிக் கொடுத்தாள். பதினொன்றுக்கு வாக்கியம் பாஸாயிற்று. மதியம் ஒன்றரைக்கு அவர் சாப்பிட வந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். காலிங்பெல்லை அடித்தார். இருபத்திரண்டு வருஷத்தில் சொந்த வீட்டுக்கு அவர் பெல் அடித்ததில்லை.

“உள்ள வரலாமா சிஸ்டர்?” என்று கேட்டார்.

ஊரில் நர்ஸுகளை எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டின புருஷன் கூப்பிடுவதில்லை. எப்சிபா கரண்டியும் கையுமாக நின்றாள். அவளுக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. பாளையங்கோட்டையில் ஆங்கிலம் படிக்கிற யாருக்கும் விளங்கக்கூடிய விஷயம்தான்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எப்சிபாவுக்கு நாற்பத்தாறு வயது. ஒரு ஆஸ்பத்திரியில் இருபது வருஷமாக ஸ்டாஃப் நர்ஸ். அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரி அவளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. நடுவில் ஒரே ஒரு பரீட்சை. அதற்கு அறுநூறு உயர்நிலை ஆங்கிலச் சொற்கள் கைவசம் இருக்க வேண்டும். சொற்களைச் சும்மா படித்தால் வராது. அதற்கென்று உள்ள அலுவலகத்தில் மனுப் போட்டு, ஏ முதல் இசட் வரை வரிசையாகத்தான் வாங்க வேண்டும். அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. அந்தக் கட்டடத்துக்கு மாடி இரண்டுதான். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒரு சொல்லுக்கு ஒரு ஃபாரம். மேலே சொல். அடுத்து அர்த்தம். அடுத்து எடுத்துக்காட்டு வாக்கியம். வாக்கியத்தில் உயிரோடு இருக்கிற ஒரு ஆள் வர வேண்டும். அந்த ஆளின் கையெழுத்தும் வேண்டும். வாக்கியம் பாஸானால் சொல் உங்களுக்குச் சொந்தம். அந்த ஆள் அன்றிலிருந்து வாக்கியத்தில் கண்டபடி நடப்பார்.

வாக்கியத்தை நாமே எழுதலாம். ஆனால் யார் எழுதுகிறார்கள்? பச்சை அட்டை போட்ட கைடு ஒன்று இருக்கிறது. நாமெல்லாம் பள்ளிக்கூடத்தில் பசுவைப் பற்றிய கட்டுரையையே கைடு பார்த்து எழுதினவர்கள். வீட்டில் மாடு கட்டியிருந்தவனும் கைடில் கிடந்த மாட்டைத்தான் எழுதினான். கைடில் எல்லா வாக்கியத்திலும் ராஜு என்று ஒருவன் வருவான். ராஜு வள்ளல். ராஜு கஞ்சன். எட்டாம் பக்கத்தில் ராஜு இறந்துபோகிறான். ஒன்பதாம் பக்கத்தில் பல் தேய்க்கிறான். ராஜுவை எடுத்துவிட்டு நம் ஆளின் பேரைப் போட வேண்டியது. மற்றபடி ஈயடிச்சான் காப்பி.

அப்படித்தான் எப்சிபா டி வரைக்கும் வந்துவிட்டாள். கொழுந்தன் மனோகரை ‘அப்ஸ்டீமியஸ்’ என்ற சொல்லுக்கு எழுதினாள். வாயைக் கட்டுகிறவர் என்று அர்த்தம். மனிதர் அன்றிலிருந்து பிரியாணிக் கடையைக் கண்டால் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போனார். அடுத்த வீட்டு ரூபாவதியை ‘கேண்டிட்’டுக்கு எழுதினாள். மனதில் இருப்பதை ஒளிக்காமல் சொல்பவர். ரூபாவதி பாவம், அதுவரை யாரையும் ஒரு சொல் சொல்லாதவள். ஓசூரில் வேலை பார்க்கும் மகன் ஜெரோமை ‘டிஸ்டன்ட்’டுக்கு எழுதினாள். தொலைவில் இருப்பவர். ஓசூர் அன்றைக்கு மதியமே இன்னும் நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் போயிற்று. ஜெரோம் போனில் கொஞ்சம் சத்தம் போட்டான். சத்தம் மறுநாள்தான் வந்து சேர்ந்தது.

இ வந்தபோது தெரிந்தவர்கள் தீர்ந்துபோனார்கள். அன்றைக்கு வரிசை நீளம். பதினொன்றுக்குக் கவுன்டரை மூடிவிடுவார்கள். ஃபாரத்தில் ‘எஸ்ட்ரேஞ்ட்’ என்று போட்டிருந்தது. கைடைத் திறந்தாள். ராஜு தன் மனைவியிடம் எஸ்ட்ரேஞ்ட் ஆனான் என்று வாக்கியம். அர்த்தம் அடுத்த பக்கத்தில் இருந்தது. அவள் பக்கத்தைத் திருப்பவில்லை.

அவள் கைப்பையில் வெற்று ஃபாரம் ஒன்று வீட்டுக்காரரின் கையெழுத்தோடு இருந்தது. அவர் பேர் ஞானசிகாமணி. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று எழுதி விசில் ஊதுகிறவர். பெண்டாட்டி நீட்டின காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் கேட்காத மனிதர். ராஜு இருந்த இடத்தில் சிகாமணி என்று போட்டு ஃபாரத்தை நீட்டிவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கொஞ்சம் சொல்லலாம்.

மதியம் அவர் பெல் அடித்த பிறகு அர்த்தத்தைப் பார்த்தாள். முன்பு நெருங்கியிருந்து இப்போது அந்நியராகிவிட்டவர் என்று இருந்தது.

சிகாமணி சாப்பிடவில்லை. முன்பின் தெரியாத வீட்டில் கை நனைப்பது முறையில்லை என்றார். பின்னறை சும்மா கிடப்பதாகக் கேள்விப்பட்டேன், தங்கிக்கொள்ளலாமா என்று கேட்டார். தங்கலாம் என்றாள். அந்தத் தலையணையை எடுத்துக்கொள்ளலாமா என்றார். அது அவருடைய தலையணைதான். எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்த வீட்டில் ஹாலுக்கும் பின்னறைக்கும் நடுவில் நாலடிக் காரிடார் ஒன்று உண்டு. புதன்கிழமை அது ஆறடியாக இருந்தது. வெள்ளிக்கிழமை முப்பது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்பும்போது எப்சிபா வழக்கம்போலக் குரல் கொடுத்தாள். குரல் போய்ச் சேரவில்லை. அடுத்த மாதம் யாரோ வந்து காரிடாரில் தெருவிளக்குப் போட்டுவிட்டுப் போனார்கள். பின்வாசல் வழியாகப் போய்ப் பார்க்கலாமே என்று தோன்றிப் பின்வாசலைத் திறந்தாள். அங்கே ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்றது. வந்தது வந்தோம் என்று டூட்டி பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாரோ என்று நினைத்து நினைத்து அழுதாள். இரண்டு பேருக்கு உலை வைத்தே பழகிய கை. பாதிச் சோறு தினமும் மிஞ்சியது.

அவள் அழுவதைக் கேட்டு ரூபாவதி வந்தாள்.

“ஏட்டி எப்சி, ஒளிக்காமச் சொல்லுதேன். என்னால ஒளிக்க முடியாதுன்னு ஒனக்கே தெரியும். அவிய பேர எழுதிட்டோமேன்னு அழுவுத. அர்த்தத்தப் பாக்கலியேன்னு நீ அழுவல.”

“ரெண்டும் ஒண்ணுதானக்கா?”

“ஒண்ணு இல்லட்டி,” என்றாள் ரூபாவதி. பிறகு எப்சிபாவின் ரசத்தில் புளி கூடுதல் என்றும், ஜெரோமின் மீசை அவன் முகத்துக்குப் பொருந்தவில்லை என்றும், தனக்கு வயது ஐம்பத்திரண்டு அல்ல ஐம்பத்தாறு என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாளே எப்சிபா மூன்றாவது மாடிக்கு ஏறினாள். கவுன்டரில் சுயம்புலிங்கம் இருந்தார். முப்பத்தொரு வருஷமாக அதே நாற்காலி. அலுவலக நேரத்தில் அவருக்கு ஒரு காதுதான் கேட்கும்.

“பாஸானத அழிக்க முடியாது சிஸ்டர்,” என்றார். “வேற சொல்லு ஒண்ணு இருக்கு. ரீகன்சைல். பிரிஞ்சவுக மறுபடி சேருதது. அத வாங்கிட்டியன்னா சரியாயிரும்.”

“அதக் குடுங்க சார்.”

“அது ஆர். நீங்க இ-ல நிக்கிய.”

“அர்ஜென்ட் சார்.”

“அர்ஜென்ட் யூ-ல வருது. அதுக்கு இன்னும் நாளு கெடக்கு.”

அவளுக்குக் கோபம் வந்தது. சுயம்புலிங்கத்தின் கேட்காத காது அவள் பக்கம் இருந்தது. திட்டிவிட்டு இறங்கினாள்.

வேறு வழியில்லை. அயர்லாந்து ஒரு பக்கம் கிடக்கட்டும், ஆர் வந்தால் போதும் என்று படிக்க ஆரம்பித்தாள். ஆனால் கையெழுத்துப் போட ஆளில்லை. அவள் ஃபாரத்தோடு தெருவில் இறங்கினால் ஜன்னல்கள் சாத்திக்கொண்டன. பால்காரர் பாலை மதில் மேல் வைத்துவிட்டு ஓடினார். கடைசியில் தன் பேரிலேயே எழுதினாள். தன் பேரில் எழுதினால் ஒரு வாரம்தான் செல்லும், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்று சுயம்புலிங்கம் சொன்னார்.

‘ஹெசிடன்ட்’ வாரத்தில் எல்லாவற்றுக்கும் தயங்கினாள். ஏழு பஸ்களை விட்டுவிட்டு எட்டாவதையும் விட்டாள். ‘ஜூபிலன்ட்’ என்றால் ஆனந்தக் கூத்தாடுபவர். அந்த வாரம் பார்த்து ஒரு சாவு வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. அந்த வீட்டார் இன்றுவரை அவளோடு பேசவில்லை. ‘ஒபேக்’ என்றால் ஊடுருவிப் பார்க்க முடியாதது. ஆஸ்பத்திரியில் வருஷாந்திரப் பரிசோதனை நடந்தது. அவளுடைய எக்ஸ்ரே வெறும் வெள்ளையாக வந்தது. டாக்டர் இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு என்று எழுதிக் கொடுத்தார்.

ஆகஸ்ட் மாதம் ஆர் வந்தது. அப்போது காரிடாரின் அந்தக் கோடி கண்ணுக்கே தெரியவில்லை.

‘ரீகன்சைல்’ என்று அச்சடித்த ஃபாரத்தைக் கையில் வாங்கினாள். கைடைத் திறந்தாள். அர்த்தம் இருந்தது. பகை அல்லது பிரிவு நீங்கி மீண்டும் இணைதல். இந்தத் தடவை அர்த்தத்தை நாலு முறை படித்தாள். அதற்குக் கீழே ராஜு இல்லை. ராஜு இருக்க வேண்டிய இடத்தில் ‘மாணவர் தாமே எழுதுக’ என்று போட்டு ஒரு கோடு இழுத்திருந்தது.

கடைக்கு ஓடிப்போய் வேறு பிரதி பார்த்தாள். அதிலும் கோடுதான். பழைய பதிப்பிலும் கோடுதான்.

வீட்டுக்கு வந்து மேஜை முன்னால் உட்கார்ந்தாள். அவள் வாழ்நாளில் ஆங்கிலத்தில் சொந்தமாக எழுதினது ஒன்றே ஒன்று, லீவ் லெட்டர். அதுவும் சொந்தம் இல்லை. ஐந்தாம் வகுப்பில் கரும்பலகையைப் பார்த்து எழுதினது. எப்படி ஆரம்பித்தாலும் வாக்கியம் ‘எனக்குக் காய்ச்சலாக இருப்பதால்’ என்றே வந்து நின்றது. எனக்குக் காய்ச்சலாக இருப்பதால் சிகாமணி திரும்பி வந்தார். எனக்குக் காய்ச்சலாக இருப்பதால் இருவரும் இணைந்தோம். சாயங்காலத்துக்குள் அவளுக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்துவிட்டது.

விடிந்ததும் காய்ச்சலோடு மூன்றாவது மாடி ஏறினாள்.

“சொந்த வாக்கியம் எழுதலாம் சிஸ்டர்,” என்றார் சுயம்புலிங்கம். “யாரும் எழுதுனதில்ல. ஆனா விதியில எடமுண்டு. ஒரு வித்தியாசம்தான். கைடு வாக்கியம்னா பாஸான பெறகு நடக்கும். சொந்த வாக்கியம்னா நடந்த பெறகுதான் பாஸாவும்.”

“அப்படின்னா நான் மொதல்ல அவியளோட சேந்துட்டுதான் இங்க வரணுமா?”

“ஆமா. சாட்சியோட.”

“சேந்துட்டேன்னா அந்தச் சொல்லு எனக்கு எதுக்கு சார்?”

சுயம்புலிங்கம் யோசித்தார். இரண்டு காதாலும் யோசிப்பது தெரிந்தது.

“பரீட்சைக்கு,” என்றார்.

மறுநாள் காலை எப்சிபா புளிச்சோறு கட்டிக்கொண்டு, தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டு, வாசல் கதவை உள்பக்கம் பூட்டிவிட்டுக் காரிடாரில் இறங்கி நடந்தாள். எட்டு மாதத்தில் அவள் அதில் கால் வைத்தது அன்றைக்குத்தான். அவள் எதிர்பார்த்ததை விட நல்ல பாதை. இரண்டு பக்கமும் அவர்கள் வீட்டுச் சுவர்தான் போய்க்கொண்டே இருந்தது. அதே வெளிர்பச்சைச் சுண்ணாம்பு. சில இடத்தில் ஆணி இருந்தது, படம் இல்லை. மத்தியானம் ஒரு வேப்பமரம் வந்தது. அதன் கீழே ஒரு டீக்கடை இருந்தது.

“சிகாமணி சார் ரூமுக்கா?” என்றார் டீக்கடைக்காரர்.

“எப்படித் தெரியும்?”

“வேற எங்க போறதுக்கு இங்கன வழி இருக்கு? சாரு ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம இதுவரைக்கும் நடந்து வருவாரு. இந்தா, இந்த பெஞ்சுலதான் உக்காருவாரு. ஹால் பக்கமாப் பாத்துக்கிட்டே ஒரு டீ குடிப்பாரு. பெறவு திரும்பிருவாரு.”

“இதத் தாண்டி வந்ததே இல்லியா?”

“தெரியாதவுக வீட்டுக்கு எப்படிப் போறதும்பாரு.”

எப்சிபா அந்த பெஞ்சில் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று பயந்தாள். டீயை நின்றுகொண்டே குடித்தாள்.

சாயங்காலம் நாலரைக்குப் பின்னறைக் கதவு வந்தது. தட்டினாள். சிகாமணி திறந்தார். இளைத்திருந்தார். சட்டையில் ஒரு பொத்தான் வேறு நிறத்தில் இருந்தது.

“வாங்க சிஸ்டர். இம்புட்டுத் தூரமும் நடந்தா வந்திய? உக்காருங்க. மொதல்ல தண்ணி குடிங்க.”

அறையில் ஒரு கட்டிலும் ஒரு நாற்காலியும் இருந்தன. சுவரில் ஒரு கால அட்டவணை ஒட்டியிருந்தது. அவர் கையெழுத்துதான். ஹாலிலிருந்து புறப்பாடு என்று ஒரு வரிசை, பின்னறைக்கு வருகை என்று ஒரு வரிசை. நேரம் எதுவும் குறித்திருக்கவில்லை.

“ஒங்கள எங்கயோ பாத்த மாரி இருக்கு,” என்றார்.

“இருக்கும்.”

“வீட்டுக்காரர் என்ன செய்யுதாரு?”

“பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர்.”

“நல்ல சோலி. நானும் அதேதான்.”

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். தெரியாத ஆளிடம் மனதைத் திறப்பதில் நம் ஊர்க்காரர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. கட்டினவளிடம் முப்பது வருஷமாகச் சொல்லாததை, கோவில்பட்டி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரனிடம் கயத்தாறு வருவதற்குள் சொல்லி முடித்துவிடுவார்கள். சிகாமணியும் அந்த ஊர்க்காரர்தான்.

“எனக்கு ஒரு வீட்டுக்காரி உண்டு சிஸ்டர்,” என்று ஆரம்பித்தார். “ஒங்கள மாரியே நர்ஸ். ரொம்பக் கெட்டிக்காரி. அயர்லாந்து போறதுக்குப் படிக்கா. எனக்கு அது போஸ்ட்மேன் சொல்லித்தான் தெரியும். வெளிநாட்டுக் கவர் வந்திருக்கு, வாழ்த்துக்கள் சார்ன்னாரு. நானும் தேங்க்ஸ்னு சொல்லிட்டேன். எதுக்குச் சொல்லுதேன்னு தெரியாமலே சொன்னேன்.”

“அவகிட்ட நீங்க கேக்க வேண்டியதுதான?”

“கேக்கலாம். ஆனா அவ சாப்புடும்போதும் வாய்க்குள்ள எதையாவது உருப்போட்டுக்கிட்டே இருப்பா. நாம பேசுனா அவளுக்கு ஒரு சொல்லு கொறஞ்சிரும்லா? அதான் பேச்சக் கொறச்சேன். எப்பவாச்சும் கையெழுத்துக் கேப்பா. போட்டுக் குடுப்பேன். கையெழுத்துக் கேக்கும்போது மட்டும் எம் மூஞ்சியப் பாப்பா. அதுக்காகவே போட்டேன்னு வச்சுக்கிடுங்க.”

எப்சிபா நாற்காலியை அவர் பக்கம் கொஞ்சம் இழுத்துப் போட்டாள்.

“அவ அர்த்தம் தெரியாம எழுதுன ஒரு வாக்கியத்தாலதான் நீங்க இப்படி ஆயிட்டியன்னு அவ நெனைக்கா,” என்றாள்.

“வாக்கியம் எழுதுனது இந்த ஜனவரியிலதான சிஸ்டர்? அப்ப இந்தக் காரிடார் நாலடி. கல்யாணம் ஆன புதுசுல எத்தன அடி தெரியுமா?”

“எத்தன?”

“காரிடாரே கெடையாது. ஹாலும் ரூமும் ஒட்டித்தான் இருந்துச்சு.”

எப்சிபா நினைத்துப் பார்த்தாள். உண்மைதான். ஹாலில் நின்று கையை நீட்டினால் பின்னறைக் கட்டிலில் படுத்திருப்பவரின் காலைத் தொடலாம். அப்படித்தான் அவரை எழுப்புவாள். நாலடி எப்போது வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. வீட்டைக் கட்டினவர்கள் விட்ட இடம் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் அழுதாள். சும்மா கண் கலங்கவில்லை, மூக்கைச் சிந்தி அழுதாள். சிகாமணி ஒரு துண்டை எடுத்து நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தெரியாத பெண் அழுதால் பார்க்கக் கூடாது என்ற மரியாதை.

“அவளுக்குப் பயம்,” என்றாள். “கேட்டா, நான் எதுக்கு அங்க, நீ போன்னு சொல்லிருவியளோன்னு பயம். அப்படிச் சொல்லிட்டா அவளால போகவும் முடியாது, இருக்கவும் முடியாது. அதான் கேக்கவே இல்ல. ஆயிரம் பேருக்கு ஊசி போட்டவ, இது ஒண்ணக் கேக்கதுக்கு அவளுக்கு நாக்கு எழும்பல. வேற எவன் வாக்கியமோ பூரா மனப்பாடம் பண்ணுனா.”

சிகாமணி ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தார்.

“நீங்களும் எங்கூட அயர்லாந்துக்கு வாரியளா?” என்று கேட்டாள் எப்சிபா.

அது எந்தக் கைடிலும் இல்லாத வாக்கியம். சொல்லி முடித்ததும் அவளுக்குக் காய்ச்சல் விட்டது.

அவர் ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்தார். பிறகு திரும்பினார். “அத நீங்க ஒங்க வீட்டுக்காரர்ட்டதான் கேக்கணும் சிஸ்டர்,” என்றார். அவர் பேரில் பாஸான வாக்கியம் இன்னும் அமலில் இருந்தது. அவரால் வேறு மாதிரி சொல்ல முடியாது. “ஆனா நல்லாக் கேட்டிய. கேட்டத நான் பாத்தேன். எங்கயாவது சாட்சி சொல்லணும்னா வாரேன்.”

இரண்டு பேரும் புளிச்சோற்றைப் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள். கை நனைக்கலாமா என்று அவர் யோசித்தார். அவர் அறையில் அவர் சாப்பிடுவதில் முறைகேடு ஒன்றும் இல்லை என்று முடிவுக்கு வந்தார்.

விடிந்ததும் கிளம்பினார்கள். காரிடார் ஒரு அடி கூடக் குறையவில்லை. நிதானமாக நடந்ததால் இரண்டு நாள் ஆயிற்று. நடக்கும்போது அவர் தன் வீட்டுக்காரியைப் பற்றிச் சொன்னார். அவள் தன் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னாள். அவருக்குப் பல் வலி இருந்தது என்றும் போன வருஷமே ஒன்றைப் பிடுங்கிவிட்டார் என்றும் அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஜெரோம் காலேஜில் சேர்ந்த நாளில் அவள் குளியலறையில் போய் அழுதாள் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆணி இருந்த இடங்களில் அவர் நின்று, இதில் என்ன படம் இருந்திருக்கும் என்று கேட்டார். இரண்டு பேருக்கும் ஞாபகமில்லை. வேப்பமரத்தடி வந்ததும் அவர் தன்னை அறியாமல் நின்றார். அவளும் நின்றாள். பிறகு அவர் பெஞ்சைத் தாண்டி ஒரு எட்டு வைத்தார். டீக்கடைக்காரர் அவருக்காக எடுத்த கிளாஸைத் திரும்ப அடுக்கில் வைத்தார்.

மூன்றாவது மாடியில் வரிசை இல்லை. சுயம்புலிங்கம் ஃபாரத்தை வாங்கி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

“சாட்சி?”

“நாந்தான்,” என்றார் சிகாமணி.

“சிஸ்டருக்கு நீங்க என்ன உறவு?”

சிகாமணி திகைத்தார். கணவர் என்று சொல்ல வாக்கியம் விடவில்லை. யாருமில்லை என்று சொல்ல அவருக்கு மனம் விடவில்லை. எப்சிபா அவர் முகத்தையே பார்த்தாள். இத்தனை வருஷமும் காகிதத்தை நீட்டிவிட்டுப் பார்த்த பார்வை இல்லை.

“கூட நடந்து வந்தவன்,” என்றார்.

சுயம்புலிங்கம் உறவுமுறைப் பட்டியலை எடுத்து மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். தகப்பன், தாய், கணவர், மனைவி, மாமன், மைத்துனன் எல்லாம் இருந்தது. இது இல்லை. பட்டியலின் அடியில் பேனாவால் ஒரு கோடு கிழித்து, ‘கூட நடந்து வந்தவர்’ என்று எழுதினார். மை காயும்வரை ஊதினார்.

“வாக்கியம்?”

எப்சிபா எழுதிக் கொடுத்தாள். வழியில் யோசித்து யோசித்து அவளே எழுதினது. அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘நான் கேட்டேன், அவர் என்னோடு நடந்து வந்தார்.’

சுயம்புலிங்கம் மூன்று தரம் படித்தார். “ரீகன்சைல்ங்கிற சொல்லே இதுல காணுமே சிஸ்டர்.”

“அது நடந்துச்சான்னு எனக்கு இன்னும் தெரியல சார். தெரியாதத எழுத மாட்டேன்.”

“சொல்லு இல்லாம எப்படிப் பாஸ் போட?”

“போட வேண்டாம் சார். நடந்தது இம்புட்டுதான்.”

முப்பத்தொரு வருஷத்தில் அவர் இப்படி ஒரு ஃபாரத்தைப் பார்த்ததில்லை. இழுப்பறையை முழுக்கத் தேடி ஒரு ரப்பர் ஸ்டாம்பைக் கண்டெடுத்தார். அதில் ஒட்டடை இருந்தது. துடைத்துக் குத்தினார். ‘நிலுவை’ என்று விழுந்தது.

“இது பாஸும் இல்ல, பெயிலும் இல்ல. இது முடியுற வரைக்கும் அந்தப் பழைய வாக்கியமும் நிறுத்தி வச்சிருக்கும்.”

“அதுவரைக்கும் நாங்க எப்படி இருக்கணும்?” என்று கேட்டாள் எப்சிபா.

“அதுக்கு எங்கிட்ட வாக்கியம் இல்ல சிஸ்டர். ஒங்க இஷ்டம்,” என்று சொல்லிவிட்டு அவர் கவுன்டரை மூடினார். மணி பதினொன்று.

படிக்கட்டில் இரண்டு பேரும் நின்றார்கள். எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல யாரும் இல்லை. எப்சிபாவுக்குப் பயமாக இருந்தது. அவர் இப்போது பின்னறைக்கும் போகலாம், ஹாலுக்கும் வரலாம், கும்பிட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கும் போகலாம். எதையும் தடுக்க அவள் கையில் ஒரு சொல்லும் இல்லை. சிகாமணி முதலில் இறங்கினார். அவள் பின்னால் இறங்கினாள். அவர் அவளை சிஸ்டர் என்று கூப்பிடவில்லை. எப்சி என்றும் கூப்பிடவில்லை. இரண்டாவது மாடி போயிற்று. முதல் மாடியும் போயிற்று. கடைசிப் படியில் அவர் நின்று திரும்பிப் பார்த்தார்.

“அயர்லாந்துல பஸ் ஸ்டாண்டு உண்டுமா?” என்று கேட்டார்.